ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். தொடக்கப் பள்ளியைக்கூட முழுமையாக முடிக்காத இவர், இயந்திரங்களைப் பிரித்தும் பூட்டியும் தாமாகவே பொறியியலைக் கற்றுக்கொண்டவர். பேருந்துப் போக்குவரத்து, மின்மோட்டார் உற்பத்தி, வீட்டு உபயோகக் கருவிகள், வேளாண்மை ஆய்வு, தொழிற்கல்வி எனப் பல துறைகளில் ஈடுபட்டார். உலகின் பல நாடுகளிலிருந்து இவர் தேடிக் கொண்டுவந்த இயந்திரங்களும் கருவிகளும் கோயம்புத்தூர் அவினாசி சாலையிலுள்ள கண்காட்சியில் வைக்கப்பட்டுள்ளன. இந்தியாவின் எடிசன் என்று இவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

இளமைக் காலம்

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் இவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர்கள் மீது மண்ணை வீசிவிட்டு வகுப்பிலிருந்து ஓடியதாக ஒரு கதை சொல்லப்படுகிறது. சில வகுப்புகளோடு படிப்பு நின்றது. அதன்பின் தந்தையின் நிலத்தில் வேலை செய்தார். கிடைத்த நூல்களைத் தாமே படித்தார்.

இவரது வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள் ஆகும். ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் ஊருக்கு ஓட்டி வந்த ரட்ஜ் வண்டியை இவர் பார்த்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி எவ்வாறு ஓடுகிறது என்ற வியப்பு இவரை விடவில்லை. வண்டியை வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்துடன் கோயம்புத்தூருக்குச் சென்று, ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். சில ஆண்டுகள் கூலியைச் சேமித்து அதே அலுவலரிடமிருந்து அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கிய வண்டியை ஓட்டிப் பார்த்ததோடு இவர் நிற்கவில்லை. அதன் பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றினார். எது எதனோடு இணைகிறது என்று கவனித்தார். மீண்டும் பூட்டி ஓட்டினார். கற்பிக்க ஆளோ, படித்துப் பார்க்கப் பயிற்சி நூலோ இல்லாத நிலையில் இவருக்கு அமைந்த பொறியியல் வகுப்பு அதுவே. பின்னாளில் மோட்டார், கடிகாரம், வானொலி என்று எதைத் தொட்டாலும் இவர் கையாண்ட முறை இதுதான். மோட்டார் பழுதுபார்ப்பவராகப் பணியாற்றிச் சிறிது பொருள் ஈட்டிய பின் திருப்பூரில் பருத்தி அரவைத் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க்காலத்தில் அது நல்ல வருவாய் தந்தது. அந்தப் பணத்துடன் பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் ஈடுபட்டு, ஈட்டியதை இழந்து ஊர் திரும்பினார்.

பேருந்துத் தொழில்

கோயம்புத்தூரில் ஆலைகளும் பள்ளியும் நிறுவிய ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் இவருக்கு உதவ முன்வந்தார். அந்த உதவியுடன் 1920 இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் இவரே. பழனி அப்பொழுது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது (திண்டுக்கல் மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டது 1985 இல் ஆகும்). ஆகவே நாயுடுவின் முதல் தடம் கோயம்புத்தூர், மதுரை ஆகிய இரு மாவட்டங்களை இணைத்த தடமாகும். உடுமலைப்பேட்டை வழியாக ஏறத்தாழ 65 கி.மீ. நீளமுள்ள இந்தச் சாலையில், முருகன் கோயிலுக்குச் செல்லும் அடியவர்களும் சந்தைக்குச் செல்லும் வணிகர்களும் அதுவரை பெரும்பாலும் மாட்டு வண்டிகளையே நம்பியிருந்தனர்.

ஒரு பேருந்தில் தொடங்கியது யுனைட்டட் மோட்டார் சர்வீஸ், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயர்களில் வளர்ந்தது. யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து கொங்கு நாட்டில் ஒரு தலைமுறைக்கு நன்கு தெரிந்த பெயராகும். குறித்த நேரத்தில் வண்டி புறப்படுதல் இந்நிறுவனத்தின் அடையாளமாக இருந்தது. வண்டிகளைப் பழுதுபார்க்கத் தம் சொந்தப் பட்டறையை வைத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிப் பாகத்திற்காக மாதக்கணக்கில் காத்திருந்தால் பேருந்து நின்றுவிடும்; எனவே பாகங்களை உள்ளூரிலேயே செய்துகொள்ள வேண்டிய தேவை எழுந்தது. இவரது உற்பத்தித் தொழில்களில் பல இந்தப் பட்டறையின் நீட்சிகளே எனலாம். வண்டிகளுக்கான ரேடியேட்டர்களைச் செய்யும் யுனிவர்சல் ரேடியேட்டர்ஸ் அவற்றுள் ஒன்று.

மின்மோட்டார்

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைகாரா நீர்மின் திட்டத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆழமான கிணறுகளிலிருந்து கமலை கட்டி நீர் இறைத்த உழவர்கள் மின்சார பம்புகளை நாடினர். மின்சாரம் உள்ளூரில் கிடைத்தாலும், அதைக்கொண்டு இயங்கும் மோட்டார் இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரவேண்டியிருந்தது. விலை அதிகம், பழுதானால் பாகமும் கப்பலில்தான் வரவேண்டும்.

இந்நிலையில் 1937 இல் பீளமேட்டில் நாயுடுவின் நியூ எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் நிறுவனத்திலிருந்து ஒரு மின்மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று இது குறிப்பிடப்படுகிறது. இதை உருவாக்குவதில் முதன்மைப் பங்காற்றியவர் தா. பாலசுந்தரம் நாயுடு ஆவார். அவர் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஜி. டி. நாயுடுவைப் பற்றி எழுதுவோர் பலர் பாலசுந்தரத்தின் பெயரை விட்டுவிடுவதுண்டு, இது நியாயமன்று.

நாயுடுவின் பணிகளுள் மிகத் தொலைவு சென்றது எது என்று கேட்டால், புகழ்பெற்ற சவரக் கத்தியையோ மகிழுந்தையோ விட இந்த மோட்டாரையே சொல்லவேண்டும். பிற்காலத்தில் கோயம்புத்தூர் நாட்டின் மோட்டார், பம்பு உற்பத்தியில் முன்னணி நகராக வளர்ந்ததற்கு அடித்தளமிட்ட முயற்சிகளில் இது முதன்மையானது.

வீட்டு உபயோகக் கருவிகள்

நாயுடு பலமுறை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் செய்தார். சென்ற இடங்களில் கோட்டைகளையும் ஓவியங்களையும் விடத் தொழிற்சாலைகளையும் கடைகளையுமே அதிகம் பார்த்தார் எனலாம். அங்கு வீடுகளில் சிறிய மின்மோட்டார் பல வேலைகளுக்குப் பயன்படுவதைக் கண்டார்.

இவர் உருவாக்கிய கருவிகளுள் ரசந்த் என்னும் மின் சவரக் கருவி பெயர்பெற்றது. உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் அதனுள் இருந்தது. வீட்டில் மின்இணைப்பு இல்லாதவரும் அதைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சிறப்பு. மிக மெல்லிய சவர அலகுகள், ஒளிப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் ஆகியனவும் இவரது ஆக்கங்கள்.

இந்தப் பட்டியலை ஒரு வேடிக்கைத் தொகுப்பாகப் பார்ப்பவர் உண்டு. ஆனால் மண்ணெண்ணெய் விசிறியைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அக்காலத்தில் பெரும்பாலான ஊர்களில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் எல்லா ஊர்களிலும் கிடைத்தது. மேலைநாட்டுக் கருவியை அப்படியே கொண்டுவந்து விற்காமல், இங்குள்ள வீட்டில் அது எதைக் கொண்டு ஓடும், என்ன விலையில் வாங்குவார்கள் என்ற கேள்வியிலிருந்து இவர் தொடங்கினார். 1941 இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று அறிவித்ததும் அந்த நோக்கில்தான்.

ஒளிப்படக் கலையிலும் இவருக்கு ஆர்வம் இருந்தது. 1936 இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் படமெடுத்துள்ளார்.

உரிமமும் வரியும்

1952 இல் இரண்டு பேர் அமரக்கூடிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை நாயுடு உருவாக்கினார். விலை 2,000 ரூபாய் மட்டுமே. ஆனால் தொடர்ந்து உற்பத்தி செய்வதற்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. 1951 ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, எந்தப் பொருளை எவர் உற்பத்தி செய்யலாம் என்பதை அரசு முடிவு செய்த காலம் அது. இருந்த அந்நியச் செலாவணியைச் சில நிறுவனங்களுக்கு மட்டும் ஒதுக்கவேண்டும் என்று தில்லி கருதியதற்குக் காரணங்கள் இருந்தன. எனினும், பட்டறையில் கற்ற ஒருவர் தம் ஊரிலேயே மலிவாகச் செய்து காட்டியதற்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லாமற் போயிற்று.

வருமான வரி விதிப்பிலும் இவருக்கும் அரசுக்கும் நீண்ட பிணக்கு இருந்தது. உழைத்துச் சேர்ப்பதைவிட வரியே மிகுதி என்று கருதிய இவர், எதிர்ப்பைக் காட்டும் வகையில் தம் தயாரிப்புகள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தார். கைக்குக் கிடைத்த கருவி எதையும் எறியாமல் சேர்த்துவைத்த மனிதர் இவர். தாம் செய்தவற்றைத் தாமே உடைக்கும் அளவுக்குச் சென்றார் என்பதிலிருந்து அவரது மனக்கசப்பு எவ்வளவு ஆழமானது என்று அறியலாம். அந்தச் செயலால் வரிக்கொள்கை மாறவில்லை. உடைந்த கருவிகள்தான் இழப்பு என்று சொல்வதிலும் தவறில்லை.

அரசியலில் இவருக்கு வெற்றி கிட்டவில்லை. 1930களில் மாகாணத் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றார்.

தொழிற்கல்வி

சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரில் பாலிடெக்னிக் ஒன்றும், 1945 இல் பொறியியல் கல்லூரி ஒன்றும் கோயம்புத்தூரில் தோன்றுவதற்கு நாயுடு காரணமாக இருந்தார். கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். முறையான படிப்பு இல்லாத ஒருவர் பொறியியல் கல்லூரி முதல்வரானது அன்றும் இன்றும் அரிய நிகழ்வாகும்.

நான்கு ஆண்டுப் படிப்பு தேவையில்லை, இரண்டு ஆண்டுகள் போதும் என்பது இவர் கருத்து. இயந்திரத்தைக் கையால் தொட்டுப் படித்தால் காலம் குறையும் என்று நம்பினார். அரசு இதை ஏற்காததால் பதவியிலிருந்து விலகினார். கணிதமும் அடிப்படை அறிவியலும் கற்க இரண்டு ஆண்டுகள் போதுமா என்ற ஐயம் நியாயமானதே. அதே வேளையில், மோட்டாரைப் பாடநூற் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பட்டம் பெறும் மாணவர்கள் இன்றும் இருப்பதால் அவர் எழுப்பிய கேள்வி பழையதாகிவிடவில்லை.

அந்தக் கல்லூரி பின்னர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயருடன் தடாகம் சாலைக்கு இடம் மாறியது. ஆயினும் பீளமேட்டுப் பகுதியில் அது முதலில் இருந்த இடத்தை மக்கள் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர். கல்லூரி இல்லாத கல்லூரி நிறுத்தம் என்று வெளியூர் மாணவர்கள் வியப்பதுண்டு.

வேளாண்மை

தம் பண்ணையில் பருத்தி, சோளம், பப்பாளி முதலிய பயிர்களில் புதிய வகைகளை உருவாக்க முயன்றார். சி. வி. ராமனும் விசுவேசுவரய்யாவும் அப்பண்ணையைப் பார்வையிட்டுள்ளனர்.

கருவிகளின் சேகரிப்பு

நாயுடு தாம் வாங்கிய கருவிகளைப் பயன்படுத்தி முடித்ததும் விற்றுவிடும் வழக்கம் உடையவரல்லர். வானொலிப் பெட்டி, கடிகாரம், ஒளிப்படக் கருவி, சவரக் கருவி, வீட்டு உபயோக மின்கருவி எனப் பலவும் அவரிடம் சேர்ந்தன. அவை பழம்பொருள் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. அவர் வாங்கியபோது அவற்றுட் பல புத்தம் புதியவை. பிரித்துப் பார்த்துக் கற்பதற்கென வாங்கப்பட்டவை. காலம் சென்றதால் அவை அருங்காட்சியகப் பொருள்களாயின.

இவை ஜி. டி. நாயுடு அறக்கட்டளையின் பொறுப்பில், அவினாசி சாலையிலுள்ள பிரெசிடெண்ட் ஹால் கட்டடத்தில் தொழிற் கண்காட்சியாக வைக்கப்பட்டுள்ளன. இவருடைய மகன் ஜி. டி. கோபாலின் சேகரிப்பைக் கொண்டு, அதே வளாகத்தில் 2015 இல் ஜீடி மகிழுந்து அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்பட்ட பழைய மகிழுந்துகள் அங்கு உள்ளன.

சமையலறைக்குச் சென்ற மோட்டார்

மின்மோட்டார் தமிழ்நாட்டுச் சமையலறைக்குள் பெருமளவில் நுழைந்தது நாயுடுவின் பிற்காலத்தில் ஆகும். கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி 1955 இல் மாவரைக்கும் மின் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லும் குழவியும் அப்படியே இருக்க, கையின் வேலையை மோட்டார் ஏற்றது. ஊத்துக்குளிப் பகுதியின் கல்லும் கோயம்புத்தூர் மோட்டாரும் சேர்ந்த இக்கருவிக்குப் பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மிக்சியின் கதை வேறு. ஐரோப்பிய மிக்சிகள் பழக்கூழுக்கும் கேக் மாவுக்கும் ஏற்றவை. ஊறவைத்த அரிசியையும் காய்ந்த மஞ்சளையும் தேங்காயையும் அவற்றில் போட்டால் சுருள் சூடேறிக் கருகிவிடும். பம்பாயில் பொறியாளர் சத்திய பிரகாஷ் மாத்தூர், தம் வீட்டு ஜெர்மானிய மிக்சி இவ்வாறு பழுதானதைத் தொடர்ந்து, இந்தியச் சமையலைத் தாங்கும் வலுவான மோட்டாருடன் சுமீத் மிக்சியை உருவாக்கினார். 1963 இல் அது விற்பனைக்கு வந்தது. நாயுடுவுக்கும் இவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் பழுதான வெளிநாட்டுக் கருவியைத் திறந்து பார்த்து, ஏன் இங்கே தாங்கவில்லை என்று கேட்ட முறை ஒன்றே.

இரு கருவிகளின் மோட்டார்களும் வேறுபட்டவை. கிரைண்டரில் இருப்பது தூண்டல் மோட்டார். நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,440 சுற்றுகள் சுழலும் அதன் வேகத்தைப் பட்டை அல்லது பற்சக்கரம் கொண்டு குறைத்துக் கல்லைச் சுழற்றுவர். மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் கொண்ட மோட்டார்; பளுவின்றி 18,000 சுற்றுகளையும் தாண்டும். முன்னது எடை மிக்கது, ஆனால் தேயும் உறுப்புகள் குறைவு. பின்னது சிறியது, வேகமானது. பிரஷ் தேய்ந்துகொண்டே இருக்கும்.

பழைய மிக்சிகளைச் சேகரித்து மீண்டும் ஓடவைப்போர் முதலில் பார்ப்பதும் அந்தப் பிரஷைத்தான். மோட்டாருக்குள் பொறி மிகுதியாகத் தெறித்து வேகம் குறைந்தால் பெரும்பாலும் பிரஷ் குட்டையாகியிருக்கும், மாற்றினால் போதும். அதற்கடுத்து ஜாரின் அடியிலுள்ள புஷ், ரப்பர் கப்ளர், வெடித்துப்போன மின்கம்பியின் உறை ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். உறை வெடித்த கருவியை அப்படியே மின்னிணைப்பில் செருகுதல் ஆபத்தானது. சுருள் கருகியிருந்தால் ரீவைண்டிங் கடைக்குத்தான் செல்லவேண்டும். மதுரை, கோயம்புத்தூர் முதலிய ஊர்களில் இத்தொழில் தெரிந்தவர்கள் பழைய சுருளைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, அதே பருமனுள்ள செப்புக் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றுகின்றனர். உற்பத்தியாளரின் வரைபடம் இல்லாமலே, கருவியையே வரைபடமாகக் கொண்டு செய்யும் வேலை இது. ரட்ஜ் வண்டியைக் கழற்றிய இளைஞர் செய்ததும் ஏறத்தாழ இதுவே.

பழைய கருவிகளில் திருகாணியைக் கழற்றினால் உள்ளே செல்ல முடிந்தது. உறை ஒட்டப்பட்டு, திறந்தால் உடையும் வகையில் வரும் இன்றைய சிறு கருவிகள் பலவற்றில் அந்த வழி இல்லை. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தினால் இக்கருவிகள் ஏழை வீடுகளுக்கும் சென்றன. அங்கெல்லாம் ஒரு மிக்சி பழுதானால் புதியது வாங்குவதா, திறந்து பார்ப்பதா என்பது வீட்டுச் செலவைத் தொடும் கேள்வியாகும்.

எடிசன் என்னும் ஒப்பீடு

தாமஸ் எடிசன் அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமங்கள் பெற்றவர். முதலீட்டாளர்களும் ஆய்வகமும் உதவியாளர் குழுவும் அவருக்கு இருந்தன. நாயுடுவின் நிலை வேறு. அவர் ஒரு பொருளைக் கண்டறிந்தபின் அதைப் பல காலம் பற்றிக்கொண்டிருக்கவில்லை, அடுத்ததற்குச் சென்றுவிடுவார். சந்தையில் நிலைத்த கருவிகள் குறைவாக இருப்பதற்கு உரிமமும் வரியும் மட்டுமே காரணம் அல்ல, இந்த இயல்பும் ஒரு காரணமாகலாம். ஒப்பீட்டைக் காட்டிலும், பட்டறைத் தொழிலாளியாகத் தொடங்கித் தொழிலதிபரானவர் என்ற முறையில் இவரைப் பார்ப்பதே மாணவர்களுக்குப் பயன்தரும்.

மறைவும் நினைவும்

1974 சனவரி 4 அன்று நாயுடு காலமானார். இவரைப் பற்றித் திரைப்படப் பிரிவு தயாரித்த ஆவணப்படம், 66 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிவியல் தொழில்நுட்பப் படமாகத் தேர்வு பெற்றது. கோயம்புத்தூர் அவினாசி சாலையில் 10.1 கி.மீ. நீளத்தில் கட்டப்பட்ட மேம்பாலத்திற்கு ஜி. டி. நாயுடு மேம்பாலம் எனப் பெயரிடப்பட்டு, 2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. இவரது கண்காட்சியும் ஹோப் காலேஜ் பகுதியும் அதே சாலையில் உள்ளன.